முட்டைக்கு மூன்று வரி

போன வாரம் மையத்திலிருந்து ஒரு போன். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்திருக்கும் நர்ஸ் ஷீலாதான் பேசினாள். "அக்கா, பயணிங்க நிரப்பற ஃபாரத்தை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொல்லிட்டாங்க. காய்ச்சல் இருக்கான்னு ஒரு டிக். மாத்திரை சாப்பிடறீங்களான்னு ஒரு டிக். எல்லாத்துக்கும் டிக்தான். ஆனா முட்டைக்கு மட்டும் மூணு வரி காலி இடம் விட்டிருக்கே, அது எதுக்கு? எடுத்துடலாமான்னு கம்ப்யூட்டர்காரர் கேக்கறார்" என்றாள்.

"வேற எதை வேணா எடுக்கச் சொல்லு. அந்த மூணு வரில கை வெச்சா நானே நேர்ல வந்துடுவேன்னு சொல்லு" என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. பாவம், அந்தப் பெண் என்ன செய்வாள்? அந்த மூன்று வரி வந்த கதையை போனில் சொல்ல முடியாது, எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்தேன். எழுத உட்கார்ந்தால் என் மானம் கொஞ்சம் போகும் என்பது அப்போது நினைவில்லை.

நான் கஸ்தூரி. காலடிப்பேட்டையில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கிருந்தே முப்பத்தொரு வருஷம் வேலைக்குப் போனவள். நர்ஸிங் படிப்பு, பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு என்று முதல் பாதியை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அழுகைச் சத்தம். கடைசிப் பதினாறு வருஷம்தான் இந்தப் பயணிகள் தடுப்பூசி மையம். ராயபுரத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளம். இங்கேயும் அழுகைதான், ஆனால் அழுதவர்கள் எல்லாரும் மீசை வைத்த ஆண்கள்.

ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் சில நாடுகளுக்குப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு, அதற்கான மஞ்சள் புத்தகத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். கொசு பரப்பும் காய்ச்சல் அது. புத்தகம் இல்லாவிட்டால் அங்கே உள்ளே விடமாட்டார்கள். ஆகவே கப்பல்காரர்கள், பெரிய கப்பலைக் கட்டி இழுக்கும் டக் படகில் என்ஜின் பார்க்கிறவர்கள், முந்திரி வாங்கப் போகிற மொத்த வியாபாரிகள் என்று எல்லாரும் எங்களிடம்தான் வந்தாக வேண்டும். இத்தனை பேரை இத்தனை தேசத்துக்கு அனுப்பி வைத்த நான் போன அதிகபட்ச தூரம் திருப்பதி.

வந்தவர்கள் கேட்ட கேள்விகளைத் தனியாக ஒரு நோட்டில் எழுதியிருக்க வேண்டும். நாகர்கோவில் பக்கத்து வியாபாரி ஒருவர், "ரெண்டே நாளுதான் சிஸ்டர் போயிட்டு வாரேன், பாதி ஊசி போட்டா காணாதா?" என்றார். காசிமேட்டுப் பையன் ஒருவன், ஊசியைத் தன் தோஸ்துக்குப் போட்டுவிட்டு புத்தகத்தைத் தன் பேரில் எழுதித் தரச் சொன்னான். தோஸ்துக்குத் தைரியம் அதிகமாம். இப்படிப்பட்டவர்களோடு மல்லுக்கட்டி எனக்கு வாய் நீளம் ஆகிவிட்டது. முதலிலேயே நீளம்தான் என்பார் என் வீட்டுக்காரர்.

எங்கள் டாக்டர் அம்புஜத்துக்கு வாய் ரொம்பச் சின்னது. ஐந்தடிக்கும் குறைவான உயரம், கழுத்தில் சங்கிலி போட்டுத் தொங்கும் கண்ணாடி. கலெக்டரே வந்தாலும் லாரி கிளீனரே வந்தாலும் ஒரே "நீங்க"தான். பாஸ்போர்ட்டைத் திறந்து படத்தைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், மறுபடி படத்தைப் பார்ப்பார். அதற்குள் ஆள் தான் வேறு யாரோ என்று நினைக்கத் தொடங்கிவிடுவான். பிறகு மஞ்சள் புத்தகத்தில் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவார். ஒரு எழுத்து பிசகினாலும் அந்தப் புத்தகத்தையே குறுக்கே கிழித்துவிட்டு வேறொன்று எடுப்பார். அடித்துத் திருத்திய புத்தகம் அந்த ஊர் விமான நிலையத்தில் செல்லாது. முத்திரையைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்திருப்பார். முத்திரை குத்தியதும் மை காயும் வரை ஊதுவார். காய்ந்த பிறகுதான் புத்தகம் கை மாறும்.

அவர் யாரையும் திட்டிக் கேட்டதில்லை. கேள்வி கேட்பார். சின்னச் சின்னக் கேள்வி. நாலு வார்த்தை திட்டித் தொலைத்தால் தேவலை என்று இருக்கும்.

மருந்துக்கு ஒரு கணக்கு உண்டு. பத்துப் பேருக்கான மருந்து ஒரே குப்பியில் வரும். திறந்து கலக்கிவிட்டால், குளிரில் வைத்தாலும், ஆறு மணி நேரம்தான் அதற்கு ஆயுசு. மிச்சம் இருந்தால் கொட்ட வேண்டியதுதான். கிடைப்பதற்கு அரிதான மருந்து என்பதால் பத்து ஆள் சேராமல் குப்பியைத் திறக்க டாக்டர் விடமாட்டார். வாரத்துக்கு ஒரே நாள், செவ்வாய்க்கிழமை. ஒன்பது பேர் வரிசையாக உட்கார்ந்து பத்தாவது ஆளுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் உள்ளே நுழைந்ததும் மாப்பிள்ளை வந்தது போல எல்லாரும் எழுந்து நிற்பார்கள். ஊசி போட்டவர்கள் அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். புத்தகம் செல்லுபடியாவது பத்து நாள் கழித்துத்தான். நாளைக்கு விமானம் என்று ஓடி வருகிறவர்களை நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது முட்டைக்கு வருகிறேன். இந்த மருந்தைக் கோழி முட்டைக் கருவில் வளர்த்துத் தயாரிக்கிறார்கள். முட்டை சுத்தமாக ஒத்துக்கொள்ளாத உடம்பு உள்ளவருக்கு இதைப் போட்டால் முகம் வீங்கி, மூச்சு அடைத்து, உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே எல்லாரிடமும் கேட்டாக வேண்டும். நான் கேட்கும் கேள்வி, "முட்டை சாப்பிடுவீங்களா?" சாப்பிடுவேன் என்றால் கவலை இல்லை. சாப்பிடமாட்டேன் என்றால் ஏன் என்று துருவ வேண்டும். இதுதான் முறை.

இந்த முறைக்குப் புரட்டாசி மாதம் என்று ஒரு வில்லன் உண்டு. அந்த மாதத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "முட்டையா? ஐயையோ, புரட்டாசி சிஸ்டர்." சிலர் கோபித்துக்கொள்வார்கள். ஒருவர், பெருமாள் மாதத்தில் முட்டையைப் பற்றிப் பேசியதற்காக என் எதிரிலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒவ்வொருவரிடமும் ஏன், எதனால், சின்ன வயசில் சாப்பிட்டீர்களா என்று கேட்டுக் கேட்டு எனக்குத் தொண்டை வறண்டு போகும். அதனால் நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். புரட்டாசிச் செவ்வாய்களில் காலையில் வந்ததுமே, ஆள் வருவதற்கு முன்பே, எல்லா ஃபாரத்திலும் "முட்டை ஒவ்வாமை" என்ற இடத்தில் "இல்லை" என்று டிக் போட்டு அடுக்கி வைத்துவிடுவேன். கேள்வியை ஒப்புக்குக் கேட்பேன். இதை ஒரு கெட்டிக்காரத்தனமாக நினைத்திருந்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தப் புரட்டாசிச் செவ்வாய்க்கிழமை வந்த பத்துப் பேரையும் அழைத்து வந்தவர் தங்கராஜ் என்ற ஏஜென்ட். தூத்துக்குடிக்காரர். நைஜீரியாவுக்கு டக் படகு வேலைக்கு ஆள் அனுப்புகிறார். பத்துப் பேருக்கும் இன்னும் பன்னிரண்டு நாளில் விமானம். அன்றைக்கு ஊசி போட்டால்தான் புத்தகம் சரியான நேரத்துக்குச் செல்லுபடியாகும். அடுத்த செவ்வாய் என்றால் வேலை போய்விடும். ஆளுக்கு ஆள் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது ஆள் ஏழுமலை. திருவொற்றியூர்க் குப்பத்துக்காரன், முப்பது வயசு இருக்கும். விசைப்படகில் என்ஜின் பார்த்துக்கொண்டிருந்தவன். முதலாளி படகை விற்றுவிட்டதால் மூன்று மாதமாகக் கரையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் பெண்டாட்டி தேவியும் கூடவே வந்து வராந்தாவில் நின்றிருந்தாள்.

"முட்டை சாப்பிடுவியாப்பா?" என்றேன், நிமிராமலே.

"துன்றதில்ல சிஸ்டர்."

"இன்னா, பெருமாளா?"

"ஆமா சிஸ்டர். பெருமாளு" என்றான்.

டிக் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. டாக்டர் ஃபாரத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பதினொன்று பத்துக்குக் குப்பியைத் திறந்தேன். முதல் இரண்டு பேருக்கும் போட்டு பெஞ்சுக்கு அனுப்பிவிட்டேன். ஏழுமலை ஸ்டூலில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினான். மடியில் ஒரு மஞ்சள் பை. சுருட்டும்போது பை சரிந்தது, உள்ளே இருந்த டப்பாவின் மூடி இளகியது. நான் ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டு, பஞ்சால் அவன் மேல்கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வாசனை வந்தது.

எனக்கும் புரட்டாசி விரதம்தான். இருபது நாளாக வெறும் சாம்பாரும் ரசமும் சாப்பிட்டுக்கொண்டிருந்த மூக்கு. அது தப்புப் பண்ணாது. நெத்திலிக் கருவாடு, கத்திரிக்காய் போட்டது, கொஞ்சம் மாங்காயும் இருக்கிறது. எனக்கு வாயில் எச்சில் ஊறியதை மறைக்க மாட்டேன். அடுத்த நொடி மனசில் இன்னொன்று வந்து இடித்தது.

"ஏம்பா, பெருமாளுக்கு விரதம்னு சொன்னியே, டப்பாவுல இன்னா?"

"கொயம்பு சிஸ்டர்."

"இன்னா கொயம்பு?"

"கருவாடு." பிறகு அவசரமாக, "மீனு எங்களுக்குக் காய்கறி மாரி சிஸ்டர். அது விரதத்துல சேராது" என்றான்.

"சரி. மீனு காய்கறி. அப்போ முட்டை இன்னா பாவம் பண்ணுச்சு?"

அவன் என் கையில் இருந்த ஊசியை மட்டும் பார்த்தான். "போடு சிஸ்டர். டைம் ஆவுது. நான் தாங்குவேன்" என்றான் மெதுவாக.

தாங்குவேன் என்ற அந்த ஒரு சொல்லில் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. அதற்குள் வராந்தா கதவிடுக்கில் காது வைத்திருந்த தேவி உள்ளே வந்துவிட்டாள். "இன்னாது, விரதமா? இவுரா? பெருமாளும் இல்ல ஒண்ணும் இல்ல சிஸ்டர். முட்ட துன்னா இவுருக்கு மூஞ்சி வீங்கிப்பூடும், மூச்சு நின்னுபூடும். ஊசிக்கும் முட்டைக்கும் இன்னா சம்மந்தம்?"

"நீ சும்மா கெட தேவி!" என்று கத்தினான் ஏழுமலை.

ஊசியைத் தட்டில் வைத்தேன். அடுத்த காரியமாகப் பெஞ்சுக்கு ஓடினேன். முதல் இரண்டு பேரில் ஒருவர் போன் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் வாயைத் திறந்தபடி சாய்ந்து கிடந்தார். அவரைப் பிடித்து நான் உலுக்கிய உலுக்கலில் அந்த மனிதர் துள்ளி எழுந்து, "இன்னாம்மா, கப்பல் வந்துச்சா?" என்றார். தூங்கியிருக்கிறார். அவர் தினமும் இரண்டு முட்டை, போன்காரர் ஒன்று சாப்பிடுகிறவர் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

டாக்டர் ஏழுமலையையும் தேவியையும் தன் எதிரில் உட்கார வைத்தார். "முதல் தடவை எப்போ?" என்றார்.

பள்ளிக்கூடத்தில். சத்துணவு முட்டை. ஒரு வாய் கடித்ததுமே உதடு தடித்து, கண் மூடிக்கொண்டு, மூச்சு இழுத்துவிட்டது. மீன் ஏற்றுகிற டிரைசைக்கிளில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். இரண்டாவது தடவை, அவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு, சிநேகிதன் ஒருவன் பிறந்தநாளில் வாயில் ஊட்டிவிட்ட கேக். அன்றைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் தேவி. அதற்கப்புறம் யார் எதைக் கொடுத்தாலும், "பெருமாளுக்கு வேண்டிக்கினுகீறேன், முட்ட வாணாம்" என்று சொல்லிவிடுவானாம். குப்பத்தில் எல்லாரும் அவனைப் பெரிய பக்திமான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உடம்பில் கோளாறு என்று தெரிந்தால் கடலுக்குச் சேர்க்கமாட்டார்கள் என்று பயம். இங்கே வருவதற்கு முன்பும் சிநேகிதர்கள், என்ன கேட்டாலும் இல்லை என்று சொல் என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

"ஊசியில முட்டை சம்பந்தம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார் டாக்டர்.

"உள்ள போனவங்க வெளிய வந்து சொன்னாங்கோ டாக்டரம்மா. முட்ட கேக்கறாங்கோன்னு. அப்பவே தெரிஞ்சிபோச்சு."

"தெரிஞ்சும் கையை நீட்டினீங்களா?"

"ரெண்டு பொண்ணுங்க கீது டாக்டரம்மா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். தேவி அவனைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. ஊசியில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

டாக்டர் எல்லா வழியையும் அவனுக்குச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் சோதனை செய்து, துளித்துளியாக மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. இரண்டு தடவை மூச்சு நின்ற உடம்பை வைத்துக்கொண்டு பன்னிரண்டு நாளில் அவசரமாகச் செய்கிற காரியம் இல்லை. உடம்பு காரணமாக ஊசி போட முடியாது என்று சான்று எழுதித் தரலாம். அந்த நாட்டில் அதை ஏற்றுக்கொள்வதும் திருப்பி அனுப்புவதும் அவர்கள் இஷ்டம். ஏழுமலை அதைப் பிடித்துக்கொண்டான். "அந்தப் பேப்பரைக் குடும்மா, போதும்."

"நான் எழுதற பேப்பரை ஆபீசர் படிப்பார், ஏழுமலை. கொசு படிக்காது" என்றார் டாக்டர்.

அவன் எழுந்து என் பக்கம் திரும்பினான். "உம் மூக்கால எம் பொயப்பு போச்சு சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டான்.

டாக்டர் அவன் ஃபாரத்தைக் கையில் எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கஸ்தூரி, இந்த டிக் எப்போ போட்டீங்க?"

"காலையில டாக்டர்."

"எத்தனை மணிக்கு?"

"எட்டரை."

"இவர் எப்போ வந்தார்?"

"பத்தே முக்கால்."

ஃபாரத்தை மேஜையில் வைத்தார். "அதுக்குக் கீழே என் கையெழுத்து இருக்கு. நானும் டிக்கைத்தான் பார்த்தேன், ஆளைப் பார்க்கலை" என்றார். அந்த அம்மா தன்னையும் சேர்த்துக்கொண்டதும் என்னால் தாங்க முடியவில்லை. மருந்து வைக்கும் அறைக்குள் போய் அழுதேன். என் கையால் ஒரு மனிதன் செத்திருப்பான். கத்திரிக்காய்க் கருவாட்டுக் குழம்பு காப்பாற்றியிருக்கிறது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மீதி ஏழு பேரிடமும் முதலிலிருந்து கேட்டேன். "சாப்பிடுவீங்களா"ன்னு கேக்காதீங்க, "சாப்பிட்டா என்ன ஆகும்"னு கேளுங்க என்று டாக்டர் திருத்திக் கொடுத்தார். ஏழு பேருக்கும் ஒன்றும் ஆகாது. ஊசி போட்டேன்.

குப்பியில் ஒரு ஆளுக்கான மருந்து மிச்சம் இருந்தது.

டாக்டருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஏஜென்ட் தங்கராஜைக் கூப்பிட்டார். "உங்க கிட்ட வேற எந்த ஊருக்காவது ஆள் போறாங்களா?"

"ஓமனுக்கு ஒரு டக் இருக்கு டாக்டர். அடுத்த மாசம். பாஸ்கர்னு ஒரு பையன் போறான். இதே என்ஜின் வேலைதான்."

"இங்கேயிருந்து ஓமன் போறவருக்கு இந்த ஊசி கேக்கறது இல்லையே?"

"இல்ல."

"பாஸ்கருக்கு நைஜீரியா போக இஷ்டமான்னு கேளுங்க. ஏழுமலை ஓமன் போகட்டும்."

தங்கராஜ் பதறிப்போனார். "அது சரிப்படாது பாத்துக்கிடுங்க டாக்டர். கப்பல் சமையல்காரன் காலையும் முட்டை, ராத்திரியும் முட்டைன்னு போடுவான். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கம்பெனி என்னைத்தான் பிடிக்கும்."

"எழுதிக் கொடுத்துக் கேளுங்க. முட்டை சாப்பிடாதவர் என்ஜினை ஓட்டமாட்டாரா? மறைச்சு அனுப்பினாத்தான் உங்களைப் பிடிப்பாங்க" என்றார் டாக்டர். குரல் ஏறவே இல்லை. தங்கராஜ் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பாஸ்கருக்கு நைஜீரியா சம்மதம். ஓமனை விட அங்கே சம்பளம் கூட. பாஸ்போர்ட் ஏஜென்ட் கையிலேயே இருந்தது. ஆள் மட்டும் காட்டுப்பள்ளியில் கப்பல் பழுது பார்க்கும் வேலையில் இருந்தான். மதியம் மூன்றரைக்குத்தான் அவனை விட்டார்கள். ஐந்து பத்துக்குக் குப்பியின் ஆயுசு முடிகிறது. காட்டுப்பள்ளியிலிருந்து எண்ணூர் வழியாக ராயபுரம் வருவது என்றால் என்ன என்று அந்தச் சாலையில் கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் நின்றவர்களுக்குத்தான் தெரியும். தங்கராஜ் நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் போட்டு, "எங்கல இருக்க?" என்றார். திருவொற்றியூர் தேரடி. அப்புறம் தண்டையார்பேட்டை. அதற்கப்புறமும் தண்டையார்பேட்டை. ஊசி போட்டுக்கொண்ட ஒன்பது பேரும் வீட்டுக்குப் போகாமல் வாசலில் நின்றுகொண்டு ஆளுக்கொரு வழி சொன்னார்கள். ஏழுமலைகூட எழுந்து வந்து, "மெயின் ரோட்ட வுடச் சொல்லு, சந்துல பூந்து வரச் சொல்லு" என்றான். பாஸ்கர் வராவிட்டால் மாற்றுவதற்கு ஆள் இல்லை, தனக்கு ஓமனும் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு ஒரு பைக்கின் பின்னால் உடம்பெல்லாம் கிரீஸோடு பாஸ்கர் வந்து இறங்கினான். நான் அவன் சட்டையைப் பிடிக்காத குறையாக உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். "முட்டை சாப்பிட்டா உனக்கு இன்னா ஆவும்?"

"பசி அடங்கும் சிஸ்டர். இருந்தா குடு, காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல" என்றான்.

ஊசி போட்டபோது மணி ஐந்து. டாக்டர் அவன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லி எழுதி, முத்திரை குத்தி, அன்றைக்கும் மை காயும் வரை ஊதினார். வாசலில் நின்ற ஒன்பது பேருக்கும் பொறுமை போய் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் என் மேஜையில் புது ஃபாரம் ஒன்று டைப் செய்து வைத்திருந்தது. முட்டை என்ற இடத்தில் கட்டம் இல்லை. "முட்டை சாப்பிட்டால் என்ன ஆகும்? பயணி சொன்னபடியே எழுதவும்" என்று போட்டு, கீழே மூன்று வரி காலி. ஷீலா, நீ கேட்ட மூன்று வரி இதுதான். ஆள் எதிரில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் அந்த வரியை எட்டரை மணிக்கே நிரப்ப முடியாது. பிறகு வந்த வருஷங்களில் அதில் என்னென்னவோ எழுதியிருக்கிறேன். "என் மாமியார் கோபித்துக்கொள்வார்" என்று ஒருவர். "வாயு" என்று பலர். "அவித்தால் ஒன்றும் ஆகாது, ஆம்லெட் என்றால் இன்னொன்று கேட்கும்" என்று ஒரு மாதவரம் லாரிக்காரர்.

அடுத்த செவ்வாய் ஏழுமலையும் தேவியும் தங்கராஜோடு வந்தார்கள். ஓமன் டக்கின் கேப்டன் சம்மதித்துவிட்டார். ஒரு நிபந்தனை. கப்பலில் ஏறிய உடனே கேப்டனிடமும் சமையல்காரனிடமும் ஏழுமலையே தன் வாயால் சொல்ல வேண்டும். அவசரத்துக்கான ஊசி மருந்து கப்பலின் மருந்துப் பெட்டியில் இருக்கும். டாக்டர் ஆங்கிலத்தில் இரண்டு கடிதம் எழுதிக் கொடுத்தார். ஏழுமலை இரண்டையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தான்.

"உட்காருங்க. எப்படிச் சொல்லுவீங்க? நான்தான் கேப்டன். சொல்லுங்க" என்றார் டாக்டர்.

அன்றைக்கும் ஊசிக்கு வந்தவர்களால் அறை நிறைந்திருந்தது. அதில் இரண்டு பேர் அவன் குப்பத்துக்காரர்கள். வருஷக்கணக்காகப் பெருமாள் பெயரைச் சொல்லி மறைத்த சங்கதி. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தான்.

"கேக்கலை. என்ஜின் சத்தம்" என்றார் டாக்டர், சிரிக்காமல்.

ஏழுமலை தேவியைப் பார்த்தான். எழுந்து நின்றான். அறை அதிரும்படி, "கேப்டன் சார்! எக் ஈட், ஐ டை!" என்றான்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். குப்பத்துக்காரர்கள் இரண்டு பேரும் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏழுமலையே சிரித்துவிட்டான். தேவி மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் எதிரில் வந்து நின்றாள்.

"இன்னொரு தபா சொல்லு" என்றாள்.

அவன் சொன்னான். மெதுவாக, அவள் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.